சிறை மீண்டோரும் சுகாதார அறிவும்

ஒருவனைச் சிறைக்குள் அடைத்துவைத்திருக்கும் காலம் முழுவதும் அரசு அவனை நாள்தோறும் பலமுறை எண்ணிப் பார்க்கின்றது. காலையில் ஓர் எண்ணிக்கை, மாலையில் ஓர் எண்ணிக்கை, நள்ளிரவில் கைவிளக்கின் ஒளியில் மற்றோர் எண்ணிக்கை. தண்டனைக்காலம் முடிந்து அவன் வாசலைத் தாண்டியதும் எண்ணுதல் நின்றுவிடுகின்றது. அதன்பின் அவன் வாழ்ந்தானா, மாண்டானா என்று கேட்பார் எவருமிலர்.

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் மருத்துவ ஆராய்ச்சியாளர் சிலர் அந்தக் கேள்வியைக் கேட்டனர். 1999 யூலை தொடக்கம் 2003 டிசெம்பர் வரை அம்மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரின் பெயர்களை எடுத்து, மரணப் பதிவேட்டோடு ஒப்புநோக்கினர். 2007ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. சராசரியாக ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவாகவே பின்தொடர்ந்திருந்தனர். அதற்குள் 443 பேர் இறந்துபோயிருந்தனர். வயது, பால், இனம் ஆகியவற்றால் இவர்களையொத்த ஏனைய குடிமக்களோடு ஒப்பிடும்போது, விடுதலையாகி முதல் இரண்டு வாரங்களுக்குள் இறக்கும் அபாயம் இவர்களுக்கு ஏறத்தாழ 13 மடங்காக இருந்தது. போதைமருந்தை அளவுக்கு மிஞ்சி எடுத்து இறக்கும் அபாயத்தை மாத்திரம் தனியே எடுத்தால், அது அந்த இரு வாரங்களில் 129 மடங்கு. இருதய நோய், கொலை, தற்கொலை என்பன அதற்கு அடுத்து நின்ற காரணங்கள்.

இந்த 129 மடங்கின் இரகசியம் விளங்குதற்கு அரியதன்று. ஹெரோயின் போன்ற அபினி வகை மருந்தை நெடுநாள் பாவித்தவனுடைய உடல் அதைத் தாங்கப் பழகிக்கொள்கின்றது. சிறைக்குள் அது கிடையாமலோ அருகியோ போகும் மாதங்களில் அந்தத் தாங்குதிறன் கரைந்துவிடும். வெளியே வந்தவன் பழைய நினைவில் பழைய அளவையே எடுக்கின்றான். நேற்று அவனை மயக்கிய அளவு இன்று அவனைக் கொல்லும் அளவாகிவிட்டது. இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எழுத வாசிக்கத் தெரியவேண்டும் என்பதுகூட இல்லை. ஆண்டொன்றுக்கு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர், அவர்களுட் பெரும்பாலோர் ஆண்கள், சிறையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட எவருக்கும் கடமை இருக்கவில்லை.

அறிஞருலகம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றது. சிறை மீண்டோரிடம் 'சுகாதார எழுத்தறிவு' குறைவு என்பர். மருந்துப் போத்தலின் சீட்டை வாசித்து விளங்கிக்கொள்ளுதல், வைத்தியரிடம் தன் நோயை எடுத்துரைத்தல், எந்த நோய்க்கு எந்த வாசலிற் போய் நிற்பது என்று அறிந்திருத்தல் முதலிய யாவும் இதனுள் அடங்கும். இந்தத் தொடரை 1974ஆம் ஆண்டில் சைமண்ட்ஸ் என்பவர் முதன்முதலிற் கையாண்டபோது பள்ளிக்கூடங்களையே மனத்திற்கொண்டிருந்தார். ஒவ்வொரு வகுப்பு மாணவனும் தன் உடலைப் பற்றி அறிந்திருக்கவேண்டிய குறைந்த அளவு யாது என்பது அவருடைய வினா. ஆசிரியர்களாகிய நம் வாசகர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாகலாம். ஆனால், பள்ளிக்கூடத்தில் பிறந்த தொடர் நாளடைவில் வைத்தியசாலைக்குக் குடிபெயர்ந்து, நோயாளியின் குறையை அளக்கும் அளவுகோலாகிவிட்டது.

அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று, 66 மருத்துவச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். நோயாளி அதனை உரத்து வாசிக்கவேண்டும். சரியாக உச்சரித்த சொற்களுக்குப் புள்ளி வழங்கப்படும். சொல்லின் பொருள் தெரியுமா என்று கேட்பதில்லை! இருபது ஆண்டுகள் சலரோகத்தோடு வாழ்ந்து, எந்த உணவு தன்னை மயங்கச் செய்யும் என்று நன்கறிந்த ஒருவன் இந்தப் பரீட்சையில் தோற்கலாம். நோயே கண்டிராத ஒரு கல்லூரி மாணவன் முழுப்புள்ளி பெறலாம். பரீட்சைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இருந்தும் கணக்கை நாம் மறுக்கவில்லை. 1992ஆம் ஆண்டின் தேசிய எழுத்தறிவு ஆய்வு, கைதிகளிற் பத்துக்கு ஏழுபேர் ஐந்து படிகளில் கீழ்ப்படி இரண்டிலுமே நிற்கின்றனர் என்று கண்டது. சிறைக்கு வெளியே இருந்த வளர்ந்தோரிலும் ஏறத்தாழ அரைவாசிப்பேர் அதே படிகளில் நின்றனர் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும். 2003ஆம் ஆண்டில் முதன்முறையாகச் சுகாதார எழுத்தறிவைத் தனியே அளந்தபோது, அந்நாட்டின் வளர்ந்தோரில் 36 சதவீதத்தினர் அடிப்படை நிலையிலோ அதற்குக் கீழோ இருந்தனர். உலகின் மிகச் செல்வமிக்க நாட்டின் நிலை இது. நம்முடைய கேள்வி வேறு. சிறை மீண்டவனுடைய அறியாமை அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொத்தா? அல்லது உள்ளே அவனுக்கு ஆண்டுக்கணக்காகப் பயிற்றப்பட்ட பாடமா? இதற்கு விடைகாண வரலாற்றைத்தான் புரட்டவேண்டும்.

1865ஆம் ஆண்டில் அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் அடிமைத்தனத்தை விதிவிலக்காக விட்டுவைத்தது. தென்மாநிலங்கள் அந்த ஓட்டையின் வழியே கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. அலபாமாவில் இக்குத்தகை 1928 வரை நீடித்தது. 1871இல் வெர்ஜீனியா நீதிமன்றமொன்று, தண்டனை பெற்றவன் அக்காலத்துக்கு அரசின் அடிமை என்றே தீர்ப்பெழுதியது. உடல் அரசுக்குச் சொந்தம் என்றான பின், அதைப் பற்றிய அறிவு மட்டும் கைதிக்கு எதற்கு?

இருபதாம் நூற்றாண்டில் குத்தகைக்காரனின் இடத்தில் விஞ்ஞானி வந்து நின்றான். கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் 1913 முதல் 1951 வரை தலைமை வைத்தியராக இருந்த லியோ ஸ்டான்லி, 1918 தொடக்கம், தூக்கிலிடப்பட்டவர்களின் விதைகளையும் பின்னர் விலங்குகளின் விதைகளையும் உயிருள்ள கைதிகளின் உடலிற் பொருத்திப் பார்த்தார். இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டமான 1944இல், இலினோய் மாநிலத்தின் ஸ்டேற்வில் சிறையில் சிக்காகோப் பல்கலைக்கழக மருத்துவர்கள் நானூறுக்கு மேற்பட்ட கைதிகளுக்கு நுளம்புக்கடியின் மூலம் மலேரியாவை ஏற்றி, புதிய மருந்துகளைச் சோதிக்கலாயினர். 1945இல் 'லைஃப்' சஞ்சிகை இதனைப் படங்களோடு பெருமையாக வெளியிட்டது. மறு ஆண்டு நூரெம்பேர்க்கில் விசாரணை தொடங்கியபோது, நாற்சி வைத்தியர்களின் வழக்கறிஞர்கள் இதே சோதனையை எடுத்துக்காட்டித் தம் கட்சிக்காரருக்காக வாதாடினர்.

ஸ்டேற்விலை நாம் வெகு தூரத்து ஊராக எண்ணிவிடலாகாது. மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைத் தடுக்கும் பிரிமாகுயின் என்னும் மருந்து அங்கே சோதிக்கப்பட்டதாகும். கறுப்பினக் கைதிகள் சிலரின் செங்குருதிக் கலங்கள் அம்மருந்தினால் உடைவதைக் கண்டு, அதற்கு ஒரு நொதியக் குறைபாடே காரணம் என்று 1956இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். 1934-35இன் கொள்ளைநோயைக் கண்ட நமது இலங்கை, மலேரியா இல்லாத நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது; அந்த நீண்ட போராட்டத்தில் இங்கே நோயாளர்கள் விழுங்கிய குளிசைகளுள் பிரிமாகுயினும் ஒன்று. அது யாருடைய குருதியிற் பரீட்சிக்கப்பட்டது என்று விழுங்கியவனும் அறியான், கொடுத்தவனும் அறியான்.

எல்லாவற்றிலும் நீண்டது பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறையில் நடந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் அல்பேட் கிளிக்மன் 1951 முதல் 1974 வரை அங்கே சோதனைகளை நடத்தினார். சிறைக்குள் முதன்முதல் நுழைந்தபோது தம் கண்முன் ஏக்கர் ஏக்கராகத் தோல் விரிந்து கிடந்ததாக அவரே பின்னர் ஒரு பத்திரிகையாளரிடம் மகிழ்ந்து கூறினார். உழவன் வயலைப் பார்ப்பதுபோல் அவர் மனிதரைப் பார்த்தார் என்று சொன்னாலும், உழவனுக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம். சவர்க்காரம், நறுமணப் பொருள், தோல்மருந்து என்று தொடங்கியது, இராணுவத்துக்காக மனத்தைக் கலக்கும் இரசாயனங்களைச் சோதிப்பதுவரை போயிற்று. 1960களில் டவ் கெமிக்கல் நிறுவனத்துக்காக ஏறத்தாழ எழுபது கைதிகளின் தோலில் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு தடவப்பட்டது. சிலருக்கு, நிறுவனம் அனுமதித்த அளவைப்போல் 468 மடங்கு தடவப்பட்டது.

கைதிகள் கையொப்பமிட்டார்கள் என்பது உண்மையே. பிணைப்பணத்துக்கும், சிறைக்கடையில் ஒரு சவர்க்காரக் கட்டிக்கும் காசு தேவைப்பட்டவர்கள் அவர்கள். என்ன மருந்து, என்ன அளவு, பின்னர் என்ன நேரும் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பதிவேடுகள் அழிக்கப்பட்டன. ஆகவே 1970களில் அங்கிருந்து வெளியேறி, ஆறாத புண்ணோடு ஒரு வைத்தியரிடம் போன மனிதனிடம், 'உமக்கு முன்னர் என்ன மருந்து தரப்பட்டது?' என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? அவனுடைய விடை 'தெரியாது' என்பதே. அவனுடைய சுகாதார அறிவுக் குறைவுக்குப் பல்கலைக்கழகமொன்று காரணமாயிருந்தது என்பதை 66 சொற்பட்டியல் காட்டாது. முன்னாட் கைதிகள் ஏறத்தாழ முந்நூறுபேர் 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். காலம் கடந்துவிட்டதென்று வழக்குத் தள்ளப்பட்டது. பல்கலைக்கழக மருத்துவபீடம் 2021இலும் பிலடெல்பியா நகரம் 2022 ஒக்டோபரிலும் மன்னிப்புக் கேட்டன. மன்னிப்பைக் கேட்க உயிரோடிருந்தோர் சிலரே.

சிறை மீண்டோர் வைத்தியரை நம்புவதில்லை, ஆலோசனையை ஏற்பதில்லை என்று எழுதுவோர் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கவேண்டும். அந்த நம்பாமையும் ஓர் அறிவுதான். பட்டறிந்தவர் பிள்ளைகளுக்கும் அண்டைவீட்டாருக்கும் சொல்லிச் சொல்லிக் காத்துவைத்த அறிவு அது.

1971 செப்டெம்பர் 9ஆம் திகதி, நியூ யோர்க் மாநிலத்தின் அற்றிக்காச் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். நான்கு நாட்களின்பின் மாநில அரசு துப்பாக்கிச் சூட்டோடு சிறையை மீட்டது. மொத்தம் 43 உயிர்கள் போயின. இந்த எழுச்சியின் அரசியல் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. கைதிகளின் கோரிக்கைகளில் உடல்நலம் பெற்ற இடம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வாரத்துக்கு ஒரு குளிப்பு, மாதத்துக்கு ஒரு சுருள் மலசலகூடக் கடதாசி என்பது அங்கே நடைமுறை. நோயுற்றவன் வைத்தியரிடம் போனால் இடையிலே ஒரு கம்பிவலை இருக்கும். வலைக்கு அப்பாலிருந்தே வைத்தியர் கேள்வி கேட்டு மருந்து சொல்வார். கேட்கும் எல்லோரையும் தொட்டுப் பார்த்துச் சிகிச்சை செய்யும் ஒரு வைத்தியர் வேண்டும் என்பது கிளர்ச்சியாளரின் கோரிக்கைகளுள் ஒன்று. புரட்சிகரமான கோரிக்கை என்று இதைச் சொல்லமுடியுமா? நம் கிராமத்து அப்போதிக்கரிடம் எந்த ஏழையும் எதிர்பார்த்த ஒன்றை, துப்பாக்கிக் குழாயின் முன்னின்று கேட்கவேண்டியிருந்தது.

இரண்டாண்டுகள் கழித்து, 1973 நவம்பர் 9ஆம் திகதி, டெக்சாஸ் சிறையொன்றில் ஜே. டபிள்யூ. காம்பிள் என்னும் கைதி பாரவண்டியிலிருந்து பஞ்சுப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அறுநூறு இறாத்தல் நிறையுள்ள பொதியொன்று அவர்மேல் வீழ்ந்தது. முதுகு நோவுக்குக் குளிசைகள் கொடுத்தனர். சில நாட்களின்பின் வேலைக்குப் போகலாம் என்றனர். இயலாது என்று அவர் சொன்னதும் தனிமைச் சிறையில் அடைத்தனர். மூன்று மாதங்களில் பதினேழு தடவை மருத்துவப் பணியாளர் அவரைப் பார்த்தனர். முதுகை ஒரு தடவையேனும் எக்ஸ்றே எடுத்துப் பார்க்கவில்லை. காம்பிள் தம் கைப்பட ஒரு மனு எழுதினார். சட்டத்தரணி எவரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. அந்த மனு படிப்படியாக ஏறி நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1976 நவம்பர் 30ஆம் திகதி நீதியரசர் தேர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பில், கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே புறக்கணிப்பது அரசியலமைப்பு தடைசெய்த கொடுந்தண்டனையாகும் என்று கூறப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவ வசதியை அரசியலமைப்பு உரிமையாகப் பெற்ற கூட்டத்தார் கைதிகளே என்னும் விசித்திரம் இவ்வாறு பிறந்தது. இன்னொரு விசித்திரமும் உண்டு. காம்பிள் தோற்றார். எக்ஸ்றே எடுக்காதது மருத்துவரின் தீர்மானத்துக்கு உட்பட்டது, அது புறக்கணிப்பாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த மனுவில் நாம் சற்றுத் தங்கி நிற்க விரும்புகின்றோம். எழுத்தறிவுப் பரீட்சையில் கீழ்ப்படியில் நிற்பவர்கள் என்று சொல்லப்படும் அதே கூட்டத்திலிருந்துதான், ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய கையெழுத்து மனுக்கள் வந்தன. அந்நாட்டுச் சிறைகளில் சட்டம் கற்ற கைதிகள் என்று ஒரு மரபே உண்டு. ஒருவன் நூலகத்தில் இருந்து இராப்பகலாகச் சட்டம் படிப்பான். வாசிக்கத் தெரியாத பக்கத்து அறைக்காரனுக்கு மனு எழுதிக் கொடுப்பான். 1969இல் உச்ச நீதிமன்றம் இவர்களைத் தடுப்பது தவறென்று தீர்ப்பளித்தது. 1977இல் சிறைகளிற் சட்டநூலகமோ சட்ட உதவியோ இருக்கவேண்டும் என்றது. 1996இல் அந்த உரிமையைச் சுருக்கிக்கொண்டது வேறு கதை. எதைக் கற்றால் கதவு திறக்கும் என்று தெரிந்ததோ அதை அவர்கள் கற்றார்கள். கடினமான ஆங்கிலத்தில், ஆசிரியர் இன்றியே கற்றார்கள். சட்டநூலுக்குக் கிடைத்த இத்தகைய இடம் உடலைப் பற்றிய நூலுக்குக் கிடைக்கவில்லை. கற்கும் ஆற்றல் அவர்களிடம் இல்லை என்று இனியும் எவரும் சொல்லவேண்டாம்.

அப்படியானால் உள்ளே மருத்துவம் என்ன கற்பித்தது? அன்றாட நடைமுறையைப் பார்ப்போம். குறித்த நேரத்தில் மணியடிக்கும். கைதிகள் ஒரு சாளரத்தின்முன் வரிசையாக நிற்பர். சாளரத்தின் வழியே ஒரு சிறு கடதாசிக் கிண்ணத்திற் குளிசை வரும். விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். குளிசையின் பெயர் என்ன, எதற்காக அது, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் சாளரத்துக்கு அப்பாலுள்ளவர்களின் விவகாரம். இன்சுலின் எடுக்கும் சலரோகியும் இவ்வாறே. ஊசி ஆயுதமாகிவிடும் என்று அவனிடம் கொடுபடுவதில்லை, தாதியே குத்திவிடுவார். பத்து ஆண்டுகள் இப்படிப் போகும். பதினோராம் ஆண்டில் வாசல் திறக்கும். சில நாளைக்குரிய மருந்துப் பொட்டலம் கையிற் கிடைத்தாற் கிடைக்கும். தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் தனக்குத்தானே ஊசி போட்டறியாத சலரோகி வீதியிலே நிற்கின்றான்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே எனில், கேட்பதற்கு விலையுண்டு. நெவாடா மாநிலம் 1981இல் தொடக்கிவைத்த வழக்கம் நாடெங்கும் பரவி, வைத்தியரைப் பார்க்கக் கைதியிடமே கட்டணம் அறவிடும் முறை வந்தது. சில டொலர்தானே என்று தோன்றலாம். மணித்தியாலத்துக்குச் சில சதம் கூலி பெறுபவனுக்கு அது பல நாளுழைப்பு. டெக்சாஸ் மாநிலம் கைதிகளின் வேலைக்குப் பொதுவாகக் கூலியே கொடுப்பதில்லை. அங்கே 2011இல் ஆண்டுக்கு 100 டொலர் மருத்துவக் கட்டணம் விதித்தனர். 2019இல் அதை மாற்றி ஒரு தடவைக்கு 13 டொலர் 55 சதம் ஆக்கினர். இக்கட்டணங்களின் நோக்கம் அற்ப காரணங்களுக்காக வைத்தியரைத் தேடி வருவதைத் தடுப்பது என்று அதிகாரிகள் விளக்கமளித்தனர். எது அற்பம், எது அபாயம் என்று பிரித்தறிவது வைத்தியனுடைய கல்வியிலேயே கடினமான பகுதி. அதனை நோயாளியே முதலில் தீர்மானித்துக்கொண்டு வரவேண்டும் என்பது இதன் பொருள். வலியைப் பொறுத்துக்கொள், கேளாதே, கேட்டாற் பணம் போகும் என்ற பாடத்தைச் சிறை செவ்வனே கற்பித்தது. கலிபோர்னியாவும் இலினோயும் அண்மை ஆண்டுகளில் இக்கட்டணத்தை ஒழித்தன. அந்தக் கலிபோர்னியாவிலேதான், தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் ஆறேழு நாளுக்கு ஒரு கைதி வீணே சாகின்றான் என்று மத்திய நீதிமன்றம் 2005இற் கண்டிருந்தது.

இந்தப் பாடத்தை மறுத்து வேறு பாடம் நடத்தியவர்களும் உண்டு. 1970இல் கருஞ்சிறுத்தைக் கட்சி தன் கிளைகள் யாவும் இலவச மக்கள் மருத்துவ நிலையம் அமைக்கவேண்டும் என்று பணித்தது. அக்கட்சியாரிற் பலர் சிறை கண்டவர்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று, கறுப்பின மக்களிடையே மிகுந்து காணப்படும் அரிவாட்செல் இரத்தநோயைப் பற்றிப் பேசினர். விரலிற் குத்திக் குருதி எடுத்துச் சோதித்தனர். வைத்தியர்களும் தாதியரும் வந்து உதவினர். ஆனால் நோயை மக்களுக்கு விளக்கும் வேலையைச் சாதாரண இளைஞர்களே செய்தனர். அவர்களுடைய அரசியலை ஏற்போரும் ஏற்காதோரும் இருக்கலாம். மருத்துவ அறிவைக் கம்பிவலைக்கு இப்பாலும் கொண்டுவரலாம் என்று அவர்கள் செய்து காட்டினர்.

பின்னர் எயிட்ஸ் வந்தது. நியூ யோர்க் மாநிலச் சிறைகளில் அது கொள்ளைநோயாய்ப் பரவிய காலத்தில், 1986 டிசெம்பரில், ஆபர்ன் சிறையிற் கைதியாயிருந்த குவாசி பலகூன் அந்நோயால் இறந்தார். எச்சிலாற் பரவும், தொட்டாற் பரவும் என்ற பீதி சிறை முழுவதும் நிறைந்திருந்தது. காவலருக்கும் அதே பீதிதான். பலகூனின் தோழர் டேவிட் கில்பர்ட்டும் வேறு சில கைதிகளும் சேர்ந்து, கைதிகளுக்குக் கைதிகளே நோயைப் பற்றிக் கற்பிக்கும் ஒரு திட்டத்தை வகுத்தனர். அதிகாரிகளின் தடையால் அங்கே அது நிலைக்கவில்லை. ஆயினும் கருத்து நிலைத்தது. அதே காலத்தில் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையிலும் அத்தகைய அமைப்பொன்று வேரூன்றியது. 2009 முதல் நியூ மெக்சிகோச் சிறைகளில் ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் சி நோயைப் பற்றிப் பயிற்சி பெற்ற கைதிகள் ஏனைய கைதிகளுக்குப் பாடம் நடத்தினர். வெள்ளைமேலங்கி அணிந்தவர் சொன்னால் ஐயுறும் காது, தன்னோடு ஒரே தட்டில் உண்டவன் சொன்னாற் கேட்கின்றது. கிராமங்களில் முதியோர் வகுப்பு நடத்தியவர்கள் இதனைப் புதுமையாகக் கருதமாட்டார்கள்.

வெளியே வந்தவர்களுக்காக இதே கருத்தைக் கையாண்டது சான் பிரான்சிஸ்கோவில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு சிறு சிகிச்சை நிலையம். பேவியூ என்னும் ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில், எமிலி வாங், ஷிரா ஷவிற் என்னும் இரு பெண் வைத்தியர்கள் அதனை நிறுவினர். அங்கே சுகாதார ஊழியராக வேலைபெறத் தகுதிகளுள் ஒன்று, சிறைக்குப் போயிருத்தல்! வேறு எந்த வேலைக்கும் தடையாக நிற்கும் அந்தக் கறை இங்கே சான்றிதழாகியது. சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி இத்தகையோருக்கென ஒரு பயிற்சிநெறியையே அமைத்தது. ஊழியர் புதிதாய் வெளிவந்தவனோடு மருந்துக்கடைக்கு நடந்து போவார். சீட்டை இருவருமாக வாசிப்பர். வைத்தியரின் அறையில் பக்கத்தில் அமர்ந்து, அவன் கேட்கத் தயங்கியதைத் தாம் கேட்பார். 200 பேரைச் சீட்டுப்போட்டு இரு கூறாக்கி, ஒரு கூறினரை இந்நிலையத்துக்கும் மறு கூறினரை வழக்கமான மருத்துவத்துக்கும் அனுப்பிப் பார்த்தனர். ஓராண்டில் முதற்கூறினர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போன தடவைகள் மறுகூறினருடையவற்றில் ஏறத்தாழ அரைவாசியே என்று 2012இல் வெளியான முடிவு காட்டியது. இம்மாதிரி இப்போது வேறு பல நகரங்களிலும் இயங்குகின்றது.

இதனைக் கேட்டு, அறிவு புகட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எவரும் அமைதியடைந்துவிடலாகாது. அறிவுரைகளைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு வாசலில் நீட்டுவது அரசுக்குச் செலவில்லாத தருமம். மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரிந்தவனுக்கு மருந்து வாங்கப் பணமும் வேண்டுமே! ஏழைகளுக்கான மெடிக்கெயிட் காப்புறுதியை உருவாக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டம், சிறையில் இருக்கும் காலத்துக்கு அக்காப்புறுதிப் பணம் செல்லாது என்று விதித்தது. பல மாநிலங்களில் உள்ளே போனதும் அட்டை இரத்தாகிவந்தது. வெளியே வந்தவன் புதிதாக விண்ணப்பித்து, வாரக்கணக்கிற் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த வாரங்கள் எவை என்று வாஷிங்டன் மாநிலக் கணக்கைக் கண்ட வாசகருக்கு நாம் மீண்டும் சொல்லவேண்டியதில்லை. பிள்ளையில்லாத, உடற்குறையில்லாத ஏழை ஆண்மகனுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 2014 வரை அந்த அட்டையே கிடையாது. விரிவாக்கத்தை ஏற்காத மாநிலங்களிற் பெரும்பாலானவற்றில் அதன்பின்னும் கிடையாது.

2023 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலம் இந்த விலக்கைத் தளர்த்தும் அனுமதியை முதன்முதலாகப் பெற்றது. அதன்படி விடுதலைக்கு முந்திய 90 நாட்களிலேயே காப்புறுதியைத் தொடக்கலாம். வேறு சில மாநிலங்களும் அடுத்தடுத்து இத்தகைய அனுமதியைப் பெற்றன. இத்திட்டத்தின்படி, வெளியிலிருந்து ஓர் ஊழியர் முன்கூட்டியே உள்ளே வந்து கைதியைச் சந்திக்கவேண்டும். எந்த வைத்தியரிடம் எந்த நாளிற் போவது என்பதை அவனோடிருந்து தீர்மானிக்கவேண்டும். வாசல் திறக்கும் அன்று 30 நாளுக்குரிய மருந்தை அவன் கையில் ஒப்படைக்கவேண்டும்.